எம்பார்கடேரோ ஃப்ரீவே (மாநிலச் சாலை 480): தெரிந்தவர்கள் பகிருங்கள்

பதிவு 1
சான் பிரான்சிஸ்கோ. 1989 அக்டோபர் 17, மாலை 5:04, நிலநடுக்கம். கடலோரப் படகுத்துறைக் கட்டடமான ஃபெர்ரி பில்டிங்கின் கடிகாரம் நின்றுவிட்டது, உச்சியில் கொடிக்கம்பம் சாய்ந்துவிட்டது. அதற்கு நேர் முன்னால் இருந்த இரண்டடுக்கு மேம்பாலச் சாலை, இந்த 480 மட்டும் விழவில்லை. ஓக்லாந்தில் அதே பாணியில் கட்டிய சைப்ரஸ் பாலம் விழுந்து 42 பேர் இறந்தார்கள். இது மட்டும் எப்படித் தப்பியது?

பதில் 2
தப்பியது என்று சொல்ல முடியாது, தூண் மூட்டுகளில் விரிசல் விட்டிருந்தது. 1950-களின் வடிவமைப்பில் தூணும் உத்திரமும் சேரும் இடத்தில் ரிங் கம்பி (நீளக் கம்பிகளைச் சுற்றிப் பிடிக்கும் வளையம்) மிகக் குறைவு. குலுங்கும்போது மூட்டில் சாய்வாக விரிசல் ஓடும், கான்கிரீட் வெளிப்பக்கம் பிதுங்கும், மேல் தூணின் அடி நழுவும், மேல்தளம் அப்படியே கீழ்தளத்தில் படுத்துவிடும். சைப்ரஸில் 1977-ல் தளத் துண்டுகளை இரும்பு வடத்தால் பிணைத்தார்கள், தூணைத் தொடவில்லை. அங்கே விழுந்த பகுதி வளைகுடாச் சேற்றின் மேல் இருந்தது. கெட்டியான மண்ணில் நின்ற பகுதி விழவில்லை.

பதில் 3
நிலநடுக்கம்தான் 480-ஐ ஒழித்தது என்று முடித்துவிடாதீர்கள். பே பாலத்தையும் கோல்டன் கேட் பாலத்தையும் இணைப்பதுதான் திட்டம். மக்கள் எதிர்ப்பால் 1959-லேயே நகர மேற்பார்வையாளர் குழு (நகர மன்றம்) பத்து ஃப்ரீவே திட்டங்களில் ஏழு திட்டங்களை ரத்து செய்தது. அதனால்தான் இது பிராட்வே தெருவோடு, சுமார் 2 கி.மீ.யில் நின்றது. 1986-ல் இடிக்கலாமா என்று கேட்டபோது வாக்காளர்கள் வேண்டாம் என்றார்கள். நிலநடுக்கத்துக்குப் பிறகும் குழுவில் 6-5 என்றுதான் இடிப்பு நிறைவேறியது. தூணுக்கு இரும்புக் கவசம் போட்டு, அடித்தளத்தைப் பலப்படுத்தி வைத்திருக்கவும் வழி இருந்தது. இடிப்பு 1991 பிப்ரவரியில் தொடங்கியது.

பதில் 4
நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கு: கடலோரப் பனை வரிசையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். பனை வரிசையுள்ள அந்தச் சாலையும் டிராமும் இடிப்புக்குப் பிறகு வந்தவை. எஃப் தட டிராம் 2000-ல்தான் ஃபிஷர்மன்ஸ் வார்ஃப் வரை நீண்டது. ஹோவர்டு தெருவிலிருந்து வடக்கே நடங்கள். ஃபெர்ரி பில்டிங்குக்கு எதிரே சதுக்கத்தில் வையன்கூர் நீரூற்று (கான்கிரீட் சிற்ப நீரூற்று) அமைத்த இடம் இருக்கிறது. 1971-ல் அதை அமைத்தபோது பின்னணியில் இந்த மேம்பாலம்தான் இருந்தது; அது தெரியாவிட்டால் நீரூற்றுக்கு அந்த முரட்டுக் கான்கிரீட் குழாய்கள் ஏன் என்று புரியாது. அடுத்து கிளே, வாஷிங்டன் தெருக்களுக்கு இடையே உள்ள சூ பியர்மன் பூங்கா. இறங்குபாதைகள் போன நிலம் அது. அங்கிருந்து பிராட்வேக்குப் போய் மேற்கே திரும்பினால் கடைசி இறங்குபாதை தரையைத் தொட்ட பகுதி. பழைய வரைபடம் வாங்கினால் எண் பலகையைக் கவனியுங்கள்: 480 முதலில் இன்டர்ஸ்டேட் (தேசிய நெடுஞ்சாலை), பிறகு மாநிலச் சாலை, 1991-க்குப் பின் இல்லை.

பதில் 5
பதில் 4 சொன்ன அந்தக் கடைசி இறங்குபாதைதான் சைனாடவுனுக்கு (சீனர்கள் வாழும் வணிகப் பகுதி) வாடிக்கையாளர்களைக் கொண்டுவந்தது. அங்கிருந்த வணிகர்கள் இடிப்பைக் கடுமையாக எதிர்த்தார்கள். இடிப்பை முன்னெடுத்த மேயர் ஆர்ட் அக்னோஸ் 1991 தேர்தலில் தோற்றார். கடலோரம் அழகானதை எழுதும்போது இந்த நஷ்டத்தையும் சேர்த்தே எழுத வேண்டும். சைனாடவுனுக்குச் சுரங்க ரயில் வந்தது 2022-ல்தான்.