அகலிகை கத்தினாளா, இல்லையா?

மறுவாசிப்பு:
"நம் பழைய கதைகளில் கண்டனம் என்றால் மௌனம்தான். 'சாப விமோசன'த்தில் அகலிகை ஒரு வார்த்தை பேசாமல் கல்லாகிவிடுகிறாள்" என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. சாபம் தீர்ந்து கல்லிலிருந்து மீண்ட அகலிகை மறுபடி கல்லாவதைப் பற்றி 1943-ல் புதுமைப்பித்தன் எழுதிய கதை, தேடிப் பிடிக்கவேண்டிய அபூர்வமும் இல்லை. ராமன் கேட்டுத்தான் தீக்குளித்தேன் என்று சீதை சொன்னதும் அகலிகை கத்துகிறாள். அதுவரை மரியாதையாகப் பேசியவள், 'அவன்' என்கிறாள். 'கத்தினாள்' என்றே கதையில் இருக்கிறது. இதுவா மௌனம்?

ஏட்டுச்சுவடி:
எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். அவள் கத்தியது சீதையிடம். ராமன் அப்போது அவள் கணவன் கோதமனோடு வெளியே போயிருந்தான். அவனுக்கு அவள் காட்டியது என்ன? சீதை கிளம்பும்போது அகலிகை வெளியே வரவில்லை. அவ்வளவுதான். அதிலேயே ராமன் மனசு சுடுகிறது, காலில் ஒட்டிய தூசி சுடுகிறது. அதைவிடப் பெரிய கண்டனம் வேண்டுமா?

மறுவாசிப்பு:
'ஒரு வார்த்தை பேசாமல்' என்று எழுதினீர்களா, இல்லையா? அதற்குப் பதிலைக் காணோம்.

தேன்சிட்டு:
ஒரே கதையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்களே. 1879-ல் வந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' நாவல் கதையை நிறுத்திவிட்டு நீதி சொல்லும். ஜெயகாந்தனின் 'அக்னிப் பிரவேசம்' சிறுகதையில், ஒருவனால் கெடுக்கப்பட்டு வீடு வந்த மகளைத் தாய் முதலில் அடிக்கிறாள், பிறகு தலையில் தண்ணீர் ஊற்றுகிறாள். அங்கே எது கண்டனம்?

ஏட்டுச்சுவடி:
அந்த அடி ஊர் வாய்க்குப் பயந்து விழுந்த அடி. அதற்குத் தனி இழை தொடங்குங்கள்.

தேன்சிட்டு:
இழையைத் தொடங்கியவரே சும்மா இருக்கிறார், நீங்கள் யார் என்னை வெளியே அனுப்ப?

மறுவாசிப்பு:
நான் சும்மா இல்லை. அந்தக் கத்தல் இல்லாவிட்டால், அவள் வெளியே வராததை வாசகன் களைப்பு என்று நினைத்துவிட்டுப் போவான். முன்னால் கத்தியதால்தான் பின்னால் வராதது சுடுகிறது. கதையின் தலைமாட்டிலேயே ஆசிரியர் குறிப்பு இருக்கிறது: ராமாயணம் தெரிந்தவர்களுக்கு இது பிடிக்காமல் போகலாம், அதைப் பொருட்படுத்தவில்லை என்று. இப்படி ஆரம்பிப்பவர் வாய் மூடிக் கண்டிக்கிறவரா? அவருடைய 'பொன்னகரம்' சிறுகதையின் கடைசி வரியில் வாசகனையே நேராகப் பார்த்துக் கேட்பார். அந்த வரியை நுட்பமில்லாதது என்று போன விவாதத்தில் தள்ளியவரும் நீங்கள்தான். உங்களுக்குப் புதுமைப்பித்தனின் கோபமே ஆகவில்லை. அதனால்தான் அதை மௌனம் என்று பூசி மெழுகுகிறீர்கள்.

ஏட்டுச்சுவடி:
ஆசிரியர் குறிப்பு அகலிகையின் குரல் ஆகாது. 'பொன்னகர'த்தைப் பற்றி அன்று சொன்னதை இன்றும் சொல்வேன். ராமன் காதில் அந்தக் கத்தல் விழவில்லை. விழுந்தது என்று ஒரு வரி காட்டுங்கள்.

மறுவாசிப்பு:
ராமன் காதில் விழுந்தது என்று நான் எங்கே சொன்னேன்? சீதை காதில் விழுந்தது, என் காதில் விழுந்தது. கத்தினாள்.

ஏட்டுச்சுவடி:
ராமனிடம் கத்தவில்லை.

தேன்சிட்டு:
என் கேள்விக்கு இன்னும் யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.