சிஸ்டம்ஸ் திங்கிங் – தமிழில் என்ன சொல்லலாம்?

ஆசிரியை, பொள்ளாச்சி வட்டம்

குழுமத்தாருக்கு வணக்கம். மேல்நிலை ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கையேட்டில் ஒரு பாடம் என் பங்குக்கு வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பாகங்களைத் தனித்தனியாகப் பார்க்காமல் அவை ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்று முழுமையாகப் பார்ப்பதுதான் சிஸ்டம்ஸ் திங்கிங். அதற்கு 'அமைப்புச் சிந்தனை' என்று எழுதினேன். படித்துப் பார்த்த சக ஆசிரியர் கேட்ட முதல் கேள்வி: "எந்த அமைப்பு? விவசாயிகள் சங்கமா?"

எடுத்துக்காட்டு எங்கள் பக்கத்துப் போர்வெல். நீர்மட்டம் இறங்குகிறது, ஒருவர் ஆழமாகப் போர் போடுகிறார், பக்கத்துத் தோட்டத்துக் கிணறு வற்றுகிறது, அவர் இன்னும் ஆழம் போகிறார். ஒவ்வொருவரும் தன் தென்னையைக் காப்பாற்றத்தான் பார்க்கிறார். முடிவில் எல்லோரும் ஆயிரம் அடியில் நிற்கிறார்கள். இந்தச் சுற்றுக்குப் பெயர் பாசிட்டிவ் ஃபீட்பேக் லூப். 'நேர்மறைப் பின்னூட்டம்' என்று போட்டால் பிள்ளைகள் நல்ல விஷயம் என்று எடுத்துக்கொள்வார்கள். இரண்டுக்கும் சொல் தாருங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து

வணக்கம் ரீச்சர். எங்கள் பாடநூல்களில் சிஸ்டம் என்றால் 'தொகுதி'தான். நரம்புத் தொகுதி, சமிபாட்டுத் தொகுதி, சூழற்றொகுதி என்று சிறுவயதிலேயே பழகிவிடுகிறோம். தொகுதிச் சிந்தனை என்றே எழுதலாமே.

உங்கள் கிணற்றுக் கதை இங்கே வேறு மாதிரி முடியும். குடாநாட்டின் அடியில் சுண்ணாம்புக்கல். நன்னீர் உப்புநீருக்கு மேலே மெல்லிய படையாகத்தான் கிடக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர் மேலேறிவிடும். ஆழப்படுத்தி ஓடுகிற போட்டிக்கு இங்கே இடமே இல்லை.

மொழிபெயர்ப்பாளர், சென்னை

தமிழ்நாட்டில் 'தொகுதி' என்றதும் சட்டமன்றத் தொகுதிதான் நினைவுக்கு வரும். நரம்பையும் நாங்கள் 'மண்டலம்' என்றே படித்தோம். அதற்கு மேல் ஒன்று: தொகு என்றால் சேர்த்து வைத்தல். செங்கலைச் சேர்த்து வைத்தால் சிஸ்டம் ஆகிவிடாது. பாகங்கள் ஒன்றையொன்று பாதிக்க வேண்டும். கணினித் துறையில் 'இயக்க முறைமை' நிலைத்துவிட்டது. 'முறைமைச் சிந்தனை' என்று முடித்துவிடலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து

> செங்கலைச் சேர்த்து வைத்தால்

இலக்கணத்தில் தொகை என்பது குவியலா? 'எல்லாத் தொகையும் ஒருசொல் நடைய' என்கிறார் தொல்காப்பியர். வேற்றுமைத்தொகையில் உருபு மறைந்து நிற்கிறது. சொற்களோ ஒட்டி ஒரே சொல்லாக நடக்கின்றன. உறவு கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதுதான் பொருளைத் தீர்மானிக்கிறது. இரண்டு தோட்டத்துக்கும் நடுவே மண்ணுக்கடியில் இருக்கும் உறவும் அப்படித்தானே? சிஸ்டத்தின் கிரேக்க மூலமும் 'கூடி நிற்பது' என்றுதான் பொருள்படும்.

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், திருச்சி

இத்தனை தேட வேண்டியதில்லை. 'அழிவதூஉம் ஆவதூஉம் ஆகி வழிபயக்கும் ஊதியமும் சூழ்ந்து செயல்.' போவது, வருவது, பின்னால் விளைவது மூன்றையும் எண்ணிச் செய் என்கிறது குறள். சூழ்தல் என்றால் சுற்றியிருத்தல். சூழ்தல் என்றால் ஆராய்தல். இரண்டு பொருளும் ஒரே வேரில் கிடைக்கிற மொழியில் இருந்துகொண்டு முறைமையும் அமைப்பும் எதற்கு? சுழி, சுழல், சூழ் எல்லாம் ஓரினம். 'சூழ்ச்சி' வள்ளுவரிடம் ஆராய்ச்சி. நாம்தான் அதைச் சதியாக்கிவிட்டோம். என் பரிந்துரை 'சூழ்நோக்கு'. 'மற்றொன்று சூழினும் தான்முந் துறும்' என்று ஊழைப் பற்றிச் சொன்னதையும் பாருங்கள். நாம் போட்ட திட்டத்தைத் தாண்டிக்கொண்டு விளைவு முன்னால் வந்து நிற்பதைத்தானே இந்தத் துறையும் பேசுகிறது?

மொழிபெயர்ப்பாளர், சென்னை

ஐயா, சொல் அழகு. ஆனால் 'சூழ்நோக்கு' என்று படிப்பவர் சுற்றுச்சூழல் பாடம் என்றே நினைப்பார். குறளை விளக்கிவிட்டுத்தான் சொல்லைப் புரியவைக்க முடியும் என்றால் கையேட்டில் அதற்கு இடம் கிடையாது.

பொறியாளர், பெங்களூரு

இரண்டாவது கேள்வியை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். வகுப்பில் சிக்கல் அங்கேதான். பாசிட்டிவ் என்பது கூட்டல் குறி மட்டுமே. மாற்றம் சுற்றிவந்து அதே திசையில் தள்ளுகிறது என்று பொருள். நல்லது கெட்டது அதில் இல்லை. நெகட்டிவ் என்றால் எதிர்த்திசையில் இழுப்பது. கணிதவியலாளர் நார்பர்ட் வீனர், கட்டுப்பாடும் தகவல் தொடர்பும் பற்றிய 'சைபர்நெட்டிக்ஸ்' நூலை 1948-இல் எழுதிய காலத்துப் பொறியியல் வழக்கு இது. 'பின்னூட்டம்' வேறு இணையத்தில் கருத்துரை என்று ஆகிவிட்டது. அதனால் 'வளர்சுழல்', 'தணிசுழல்' என்று வைக்கலாம்.

ஆசிரியைக்கு ஒன்று. ஆழம் கூடினால் மோட்டார் குதிரைத்திறனும் கூடும், மின்கட்டணம் ஏறும், அது இறைப்பதைக் கட்டுப்படுத்தும். அது ஒரு தணிசுழல். 1990-லிருந்து தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு மின்சாரம் இலவசம் என்பதால் அந்தச் சுழல் அறுந்திருக்கிறது. இலவசத்தை நிறுத்தச் சொல்லவில்லை; சிறு விவசாயிக்கு அது உயிர். ஆனால் எடுத்த தடைக்கு ஈடாக எதை வைத்தோம் என்று பிள்ளைகள் கேட்கட்டும். சொட்டுநீரையும் சேருங்கள். மிச்சமான தண்ணீரில் இன்னொரு ஏக்கர் நட்டால் நிலத்தடிக்கு மிஞ்சுவது எதுவும் இல்லை.

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், திருச்சி

'வளர்சுழல்' வினைத்தொகை. அதில் வளர்வது சுழலா, துளையின் ஆழமா?

பொறியாளர், பெங்களூரு

குடிநீரில் குடிப்பது நீர் இல்லையே ஐயா. வினைத்தொகை இடம் கொடுக்கிறது.

ஆசிரியை, பொள்ளாச்சி வட்டம்

எல்லோருக்கும் நன்றி. வளர்சுழல், தணிசுழல் இரண்டையும் எடுத்துக்கொண்டேன். தலைப்புக்கு 'முறைமைச் சிந்தனை'. மற்றவர்களும் ஒத்துக்கொள்வதாக எடுத்துக்கொள்கிறேன். யாழ்ப்பாண நண்பரின் தொகை விளக்கத்தை அப்படியே பாடத்தில் சேர்க்கிறேன். கிணறு மட்டும் போதாது என்று சின்ன வெங்காயத்தையும் சேர்த்திருக்கிறேன்: விலை ஏறியதும் எல்லோரும் நடுவது, அறுவடையில் விலை விழுவது, மறுபட்டத்துக்கு யாரும் நடாதது. தணிசுழல்தான், ஆனால் பயிர் விளைய மாதங்கள் ஆவதால் நிலைக்கு வராமல் ஆடிக்கொண்டே இருக்கிறது. இந்த டிலேக்கு என்ன சொல்?

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், திருச்சி

முறைமை என்பது நெறியையும் ஒழுங்கையும் குறிக்கும் சொல். போர்வெல் போட்டியில் என்ன நெறி இருக்கிறது? என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். டிலேக்குக் 'காலந்தாழ்வு'.

யாழ்ப்பாணத்திலிருந்து

'தாமதம்' எல்லோருக்கும் விளங்குமே.

பொறியாளர், பெங்களூரு

தாமதம் என்றால் யாரோ பிந்தி வந்தது போல் இருக்கிறது. வெங்காயம் விளைய ஆகும் காலம் யார் பிழையும் இல்லை. கொங்குப் பக்கம் 'சுணக்கம்' என்பார்களே, அது சரிப்படுமா ஆசிரியையே?