ஆம்ப்பை ஆஃப் பண்ணினா 'டொப்'னு அடிக்குது, ஸ்பீக்கர் போயிடுமா?

மெட்ரோநோம்:
செகண்ட் ஹேண்டுல வாங்கின 30 வாட் கிட்டார் ஆம்ப். டிரான்சிஸ்டர்தான், வால்வு (பழைய கண்ணாடிக் குழாய்) இல்ல. வாசிக்கும்போது குறை ஒண்ணும் இல்ல. ஆஃப் பண்ணினாத்தான் ஸ்பீக்கர்ல 'டொப்'னு ஒரு அடி. முதல்ல லேசா இருந்துச்சு, இப்போ ஸ்பீக்கர் கோன் (நடுவுல அதிருற காகிதக் கூம்பு) முன்னாடி தள்ளிட்டுத் திரும்புறது கண்ணுக்கே தெரியுது. சுவிட்சை மாத்துன்னு கடையில சொல்றாங்க. மாத்தலாமா?

சால்டர் புகை:
அவசரப்படாதீங்க. சத்தம் சுவிட்ச் தட்டின அதே நொடியில வருதா, கொஞ்சம் கழிச்சு வருதா? ரெண்டும் வேற வேற வியாதி. கிட்டார் வயரை உருவிட்டு, மாஸ்டர் வால்யூமை பூஜ்யத்துல வெச்சும் ஒரு தடவை ஆஃப் பண்ணிப் பாருங்க.

மெட்ரோநோம்:
கழிச்சுதான் அண்ணா. ரெண்டு நொடி ஆகும். வால்யூம் எங்க இருந்தாலும் அதே அடி.

சால்டர் புகை:
அப்போ கடைக்காரர் சொன்னதை விடுங்க. டிரான்ஸ்ஃபார்மர் கரண்ட்டை சட்டுனு வெட்டுறப்போ சுவிட்ச்சுல பொறி பறக்கும், ஆனா அது தட்டின நொடியிலேயே கேட்டுடும். வால்யூமுக்கு அசையலைன்னா ப்ரீஆம்ப்பும் (வால்யூமுக்கு முன்னாடி கிட்டார் சிக்னலைப் பெருக்குற பகுதி) பெரும்பாலும் காரணம் இல்ல.

மிச்சம் பவர் சப்ளை. இந்த மாதிரி ஆம்ப்ல ப்ளஸ், மைனஸ்னு ரெண்டு சப்ளை இருக்கும். ஆஃப் பண்ணினதும் ரெண்டும் சேர்ந்து இறங்கினா அவுட்புட் பூஜ்யத்துலயே நிக்கும். ஒரு பக்கத்து ஃபில்டர் கெப்பாசிட்டர் (கரண்ட்டைத் தேக்கி சப்ளையைச் சீரா வைக்கிறது) உள்ள காஞ்சு போயிருந்தா அந்தப் பக்கம் முந்தி விழும், அவுட்புட் மறுபக்கம் சாயும். நீங்க கோன்ல பாக்குறது அதைத்தான். நாளாக நாளாக சத்தம் கூடினதும் இதுக்கு ஒத்துப்போகுது. 100 ஹெர்ட்ஸ் ஹம்மும் ('ம்ம்ம்'னு வர்ற இரைச்சல்) ஏறியிருக்கும், காதை வெச்சுக் கேளுங்க.

ஆம்ப் ஆன்ல இருக்கும்போது ஸ்பீக்கர் முனையில டிசி (ஒரே திசையில நிக்குற வோல்ட்டேஜ்) எவ்வளவுன்னு மீட்டர்ல பாருங்க. 50 மில்லிவோல்ட்டுக்குள்ள இருந்தா பயமில்ல. வோல்ட் கணக்குல காட்டினா உடனே ஆஃப் பண்ணிடுங்க, அது ஸ்பீக்கரைத் தின்னுடும்.

பழைய வால்வு:
குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். வால்வு ஆம்ப் வெச்சிருக்கவங்க இதைப் படிச்சுட்டு மூடியைக் கழட்டாதீங்க. அங்க கெப்பாசிட்டர்ல 400 வோல்ட், சிலதுல அதுக்கு மேலயும் தேங்கி நிக்கும், பிளக்கை உருவின பிறகும். ஸ்பீக்கர் இல்லாம ஓட்டினா அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் காலி.

மெட்ரோநோம்:
டிசி 12 மில்லிவோல்ட். ரெண்டு சப்ளையும் 28 வோல்ட்தான். ஆனா ஆஃப் பண்ணினா ப்ளஸ் பக்கம் நிதானமா இறங்குது, மைனஸ் பொத்துனு விழுது. அந்தப் பக்கத்து 2200 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் தலையும் லேசா உப்பியிருக்கு. நீங்க சொன்ன ஹம்மும் இருக்கு, இத்தனை நாள் அதை ஊர் கரண்ட்னு நெனச்சேன்.

சால்டர் புகை:
ஆள் மாட்டிக்கிட்டான். ரெண்டையும் சேர்த்தே மாத்துங்க, ஒண்ணு புதுசு ஒண்ணு பழசுன்னா திரும்பவும் சமம் தவறும். அதே 2200, ஆனா 50 வோல்ட், 105 டிகிரி சூடு தாங்குறதா. உயரம் கேபினெட்டுல இடிக்காம பாத்து வாங்குங்க. சென்னைன்னா ரிச்சி தெருவுல கிடைக்கும்.

பிளக்கை உருவி, 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டரை கெப்பாசிட்டர் கால்ல வெச்சு வடிச்சுட்டு, மீட்டர்ல 1 வோல்ட்டுக்குக் கீழ வந்ததைப் பாத்துட்டுக் கை வைங்க. நிறைய பேர் சறுக்குற இடம் ஒண்ணு: மைனஸ் சப்ளை கெப்பாசிட்டரோட ப்ளஸ் கால்தான் கிரவுண்டுக்குப் போகும். பழசுல மைனஸ் காலைக் காட்டுற கோடு எந்தப் பக்கம்னு ஃபோட்டோ எடுத்துக்கங்க. திருப்பி மாட்டினா வெடிக்கும்.

மெட்ரோநோம்:
மாத்தியாச்சு அண்ணா, 'டொப்' போயிடுச்சு, ஹம்மும் குறைஞ்சிருக்கு. தட்டின உடனே மட்டும் சின்னதா ஒரு 'டிக்' வருது.

சால்டர் புகை:
அதுதான் நிஜமான சுவிட்ச் சத்தம். விட்டுடலாம். உறுத்துச்சுன்னா சுவிட்ச் முனைகளுக்கு நடுவுல 0.01 மைக்ரோ ஃபாரட் எக்ஸ்2 கெப்பாசிட்டரும் (மெயின் லைனுக்குன்னே செஞ்ச வகை) 100 ஓம் ரெசிஸ்டரும் சீரீஸ்ல போடச் சொல்லுங்க. 230 வோல்ட் லைன் அது, கையில கிடைச்ச சாதா டிஸ்க் கெப்பாசிட்டரை வைக்க விடாதீங்க.