ஜாக் பிளான்ட் குறித்த கட்டுரைக்கு உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். மாண்ட்ரியால் கனேடியன்ஸ் அணியின் ஐஸ் ஹாக்கி கோல் கீப்பராக இருந்த ஜாக் பிளான்ட் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். 1 அங்குலத் தடிமனும் 3 அங்குல விட்டமும் கொண்ட கெட்டியான ரப்பர் வட்டை, வெறும் முகத்தோடு நின்று தடுப்பதே அன்றைய வழக்கம். 1959 நவம்பர் 1 அன்று நியூயார்க்கில், எதிரணி வீரர் ஆண்டி பாத்கேட் அடித்த வட்டு முகத்தைக் கிழிக்க, உள்ளே சென்று தையல் போட்டுக்கொண்ட பிளான்ட், முகமூடி இல்லாமல் திரும்ப மாட்டேன் என்று உறுதியாக நின்றார். மாற்று கோல் கீப்பர் இல்லாததால், அதுவரை மறுத்துவந்த பயிற்சியாளர் டோ பிளேக் இணங்க வேண்டியதாயிற்று. அன்றைய ஆட்டத்தில் மாண்ட்ரியால் 3-1 என வென்றது.

1956 முதல் 1960 வரை தொடர்ந்து ஐந்து முறை, வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பையை வென்றவரை, முகமூடி அணிந்ததற்காகக் கோழை என்று சிலர் ஏளனம் செய்தது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

நான் தடுமாறும் இடம் வேறு. கோல் வலையை விட்டு வெளியே வந்து, பின்பக்கம் உருண்டோடும் வட்டைத் தானே நிறுத்திச் சக வீரருக்குத் தள்ளிவிடும் அவருடைய பாணியை ஒரே சொல்லில் எப்படிக் குறிப்பது? ‘வலை தாண்டுதல்’ என்றால் பொருள் மாறிவிடுகிறது. கனடாவில் பிள்ளைகளை இவ்விளையாட்டுக்கு அனுப்பும் உறுப்பினர்கள், வீட்டில் இதைத் தமிழில் எப்படிச் சொல்கிறீர்கள் என்று தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.