டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளைச் சுருக்க உதவி வேண்டும்

வணக்கம் அண்ணாமார், அக்காமார். ஹட்டன் பக்கம் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு லீவு நாட்களில், ஆளுக்கொரு பாத்திரமாகிக் கதையைக் கொண்டுபோகும் இந்த விளையாட்டின் ஐந்தாம் பதிப்பைத் தமிழில் சொல்லிக்கொடுக்கிறேன். 5.1 அடிப்படை விதித்தொகுப்பு 2023இல் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொதுப் பயன்பாட்டு உரிமத்தில் வந்துவிட்டதால், மூலத்தைக் குறிப்பிட்டுத் தமிழாக்கலாம். கதை பிள்ளைகளுக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது, விதிகள்தான் இழுக்கின்றன.

பாத்திரத்தின் பலம் போன்ற ஒரு திறன் எண் 16 என்றால் +3 என்று கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டு, தாளில் +3ஐ மட்டும் எழுதவைத்து, 20 பக்கப் பகடையை உருட்டி அதோடு கூட்டச் சொன்னேன், நன்றாக வேலை செய்கிறது. சாதகம் இருந்தால் இரண்டு தடவை உருட்டிப் பெரியதை எடுப்பது உடனே பிடிபட்டது, அதில் கை வைக்கவே மாட்டேன்.

மந்திரம்தான் பெரிய சிக்கல். முதல் நிலை மந்திரவாதியின் ஏட்டில் 6 மந்திரங்கள், அவற்றைப் போட 2 இடங்கள்தான் (ஒரு மந்திரம் போட்டால் ஓர் இடம் செலவாகும்), அதிலும் எதையெல்லாம் அன்றைக்கென்று முன்கூட்டியே தேர்ந்து தயார் செய்வது என்று யோசிப்பதிலேயே பின்னேரம் முழுக்கப் போய்விடுகிறது. சரி, இந்த இட வரம்பையே எடுத்துவிடலாம் என்றால் வாள்வீரனுக்கு வேலை இருக்காது. தயார் செய்வதை மட்டும் நீக்கினால் சமநிலை கெடுமா? ஒரு முறையில் வழக்கமான செயலோடு கூடுதலாகச் செய்யும் போனஸ் செயலையும் விட்டுவிட்டால் திருடன் பாத்திரத்துக்கு என்ன கொடுப்பது? சிறு பிள்ளைகளோடு விளையாடிப் பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.