ஐஸ் ஹாக்கியில் பிரேக்அவுட் (பக்கை, அதாவது ரப்பர் வட்டை, நம் பகுதியிலிருந்து வெளியே கொண்டுபோவது) சொதப்பிய அந்த நொடி: பார்த்ததைச் சொல்லுங்க

நீலக்கோடு:
நமக்கு ஒரு கோல் முன்னிலை, கடைசி நிமிஷம். எதிரணி பக்கை நம் மூலைக்குள் தள்ளிவிட்டு 2-1-2 அமைப்பில் (முன்னால் இருவர், நடுவில் ஒருவர், பின்னால் இருவர்) இரண்டு பேரை உள்ளே அனுப்புகிறது. பக்கை எடுக்கப் போன டிஃபென்ஸ்மேன் (டி1), தோளுக்கு மேல் ஒரே ஒரு தடவைதான் பார்த்தார். பக் காலடிக்கு வருவதற்குள் இன்னொரு தடவை பார்த்திருக்கணும். வலைக்குப் பின்னால் சுற்றப் போகும் நேரத்தில் இன்னொரு டிஃபென்ஸ்மேன் (டி2) "ரிவர்ஸ்!" என்று கத்துகிறார், அதாவது பக்கை வந்த வழியே திருப்பி விடச் சொல்கிறார். டி1 பக்கைக் களத்தைச் சுற்றியுள்ள பலகையில் தட்டித் திருப்புகிறார். அங்கே ஆளே இல்லை! கத்தியவர் இன்னும் கோல் முகப்பில்தான் நிற்கிறார். பக் போய்ச் சேர்ந்தது துரத்தி வந்த இரண்டாவது ஆளின் மட்டையில். மூலையை நோக்கி நகரத் தொடங்கிய பிறகுதான் ரிவர்ஸ் சொல்லணும்.

ஐந்துதுளை:
டி2 மேல் பழி போடாதீங்க. சென்டர் (நடு முன்கள ஆட்டக்காரர்) எங்கே? பக் நம் கைக்கு உறுதியாக வரும் முன்னே நம் பகுதியின் எல்லையான நீலக்கோட்டைப் பார்த்து ஓடிவிட்டார். அவர் கோல் முகப்பிலிருந்து கீழே வளைந்து, முகம் பக்கைப் பார்த்தபடி வந்திருந்தால், டி1 நேராக நடுவில் கொடுத்திருப்பார். ரிவர்ஸே தேவைப்பட்டிருக்காது.

அரைச்சுவர்:
இரண்டு பேரும் விங்கரை (ஓர முன்கள ஆட்டக்காரரை) மறந்துட்டீங்க. பலகை ஓரமாகச் சுற்றி வரும் பக்கை வாங்கும் விங்கர், முகத்தைப் பலகைக்குக் காட்டி நின்றால் கதை முடிந்தது. மேலே ஏறி வரும் எதிரணி டிஃபென்ஸ்மேன் கண்ணில் படவே மாட்டார். முதுகு பலகையில் இருக்கணும். ஸ்கேட்டைப் பலகையோடு ஒட்டி வைத்து, அதில் பட்டு நிற்கும் பக்கை மட்டைக்குக் கொண்டுவரணும். ஆள் நெருங்கிவிட்டால் பக்கை நிறுத்தவே பார்க்காதீங்க. கீழிருந்து வரும் சென்டருக்கு ஒரே தொடுதலில் தள்ளிவிடுங்க. அதுவும் முடியாவிட்டால், ஏறி வந்தவரைத் தாண்டிப் பலகையில் அடித்து வெளியே விடலாம்; எதிர்ப்பக்க விங்கர் நடுவாக வெட்டி வந்து அதை எடுப்பார். அளவு முக்கியம். என்.எச்.எல். (வட அமெரிக்கத் தொழில்முறை லீக்) களத்தில் கோல்கோட்டிலிருந்து நீலக்கோடு 64 அடி. கோல்கோட்டிலிருந்து 20 அடியில் நிற்கும் விங்கருக்கு இன்னும் 44 அடிதான். அதற்காகக் கண்மூடி அடிக்க வேண்டாம். நம் பகுதியிலிருந்து அடித்த பக் எதிலும் படாமல் பலகைக்கு மேலுள்ள கண்ணாடியைத் தாண்டினால் 2 நிமிடத் தண்டனை. யாரும் தொடாமல் எதிரணி கோல்கோட்டைத் தாண்டினால் ஐசிங்: ஆட்டம் நின்று நம் பகுதியிலேயே மறுபடி தொடங்கும். மூச்சு வாங்கும் அதே ஐந்து பேர் மாற்று ஆள் இல்லாமல் நிற்கணும். 2005-06லிருந்து இதுதான் விதி.

முகமூடி:
ஆட்டம் முழுசாகத் தெரிவது கோல்கீப்பருக்குத்தான். துரத்தி வருபவர் ஒருவரா, இருவரா என்று அவர்தான் முதலில் கத்தணும். வலைக்குப் பின்னால் பக்கை நிறுத்தினால் பலகையோடு ஒட்ட விடாமல் ஒரு சாண் தள்ளி வைக்கணும். ஒட்டிக் கிடக்கும் பக்கை மட்டையால் கிளப்புவதற்குள் ஆள் வந்து மோதிவிடுவான்.

நீலக்கோடு:
அந்த மூலையில் கோல்கீப்பர் பக்கைத் தொடவே முடியாது. அது ட்ரெப்சாய்டுக்கு (வலைக்குப் பின்னால் கோல்கீப்பர் பக்கைத் தொட அனுமதியுள்ள சரிவகப் பகுதிக்கு) வெளியே, கோல்கோட்டுக்குப் பின்னால். தொட்டாலே தண்டனை. ஆனால் கத்தியிருக்கலாம், அது சரி.