இரவானால் சிவப்பு விளக்கு, பகலில் 94-ஐத் தாண்டாத வேகம்: கோளாறு எங்கே?

காவிரிக்கரை

வணக்கம். கும்பகோணத்தில் மாடி வீடு, இரண்டு வருடமாக ஃபைபர் இணைப்பு. 100 எம்பிபிஎஸ் பிளானில் இருந்தேன். எனக்கு வீட்டிலிருந்தே வேலை, மகளுக்கு ஆன்லைன் வகுப்பு என்று போன மாதம் 200-க்கு மாறினேன். 18 சதவீத ஜிஎஸ்டியோடு பில் ஏறியது, வேகம் ஏறவில்லை. ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாலும் 93, 94தான். மாடியில் 11.

அடுத்த தொல்லை இதைவிட மோசம். இரவு ஏழு மணிக்கு எனக்கு மீட்டிங். சரியாக அந்த நேரத்தில் இணைப்பு விட்டு விட்டு வருகிறது. ஃபைபர் வந்து சேரும் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக மின்னுகிறது. இரண்டு முறை ஆள் வந்தார், இரண்டு முறையும் காலை பதினொரு மணிக்கு. "பவர் நல்லா இருக்கு சார்" என்று மீட்டரைக் காட்டிவிட்டுப் போனார். கம்பெனியையே மாற்றிவிடலாமா?

இரவுப்பறவை

ராத்திரி தெருவே படம் பார்க்கும். நெரிசல்தான். மாற்றிவிடுங்கள்.

ஸ்பிளைஸ்காரன்

அவசரப்படாதீர்கள் அண்ணா. நான் ஃபைபர் ஒட்டும் வேலையில்தான் இருக்கிறேன். நெரிசல் என்றால் வேகம் குறையும், சிவப்பு விளக்கு எரியாது. ஜிபான் முறையில் ஓர் இழையில் வரும் சுமார் 2.5 ஜிபிபிஎஸ்-ஐ 32 அல்லது 64 வீடுகள் வரை பங்கு போட்டுக்கொள்கின்றன. அதனால் மாலையில் மந்தமாவது உண்டு. ஆனால் எல்ஓஎஸ் சிவப்பாகிறது என்றால் பெட்டிக்கு வெளிச்சமே போதவில்லை என்று அர்த்தம். அது லைன் கோளாறு. 94 வேறு கோளாறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் கம்பெனி மாற்றினாலும் தீராது.

94-ஐ முதலில் பார்த்துவிடலாம். பெட்டியிலிருந்து வைஃபை நேரடியாக வருகிறதா, நடுவில் வேறு ரவுட்டர் இருக்கிறதா?

காவிரிக்கரை

கம்பெனி கொடுத்த பெட்டியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். அதனால் அதன் வைஃபையை அணைத்துவிட்டு, 2019-ல் வாங்கிய என் பழைய ரவுட்டரைப் பின்னால் கோத்திருக்கிறேன். அதில் 5 கிகாஹெர்ட்ஸ் உண்டு. அட்டைப்பெட்டியில் ஏசி 1200 என்று பெரிதாகப் போட்டிருந்தது.

ஸ்பிளைஸ்காரன்

அதேதான். 1200 என்பது இரண்டு வைஃபை அலைவரிசைகளின் வேகத்தையும் கூட்டிச் சொல்லும் எண். அந்த வகை ரவுட்டர்கள் பலவற்றில் கம்பி சொருகும் துளை 100 எம்பிபிஎஸ் மட்டுமே. அதில் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தோடும் ஒட்டிவரும் முகவரி முதலிய தலைப்புகளின் (ஹெடர்) சுமை போக கைக்கு வருவது 94 சொச்சம். 94-லேயே நிற்கிறது என்று நீங்கள் எழுதியபோதே சந்தேகப்பட்டேன். 100 பிளானில் இருந்தவரை இந்தத் தடை கண்ணில் பட்டிருக்காது. எட்டு கம்பியில் நான்கு மட்டும் கோத்த கேபிளாக இருந்தாலும் இதே எண்தான் வரும்.

மடிக்கணினியை நல்ல கேபிளால் பெட்டியின் முதல் துளையில் நேரடியாகச் சொருகிப் பாருங்கள். சில பெட்டிகளில் ஒரு துளை மட்டும் கிகாபிட், மற்றவை 100தான்.

காவிரிக்கரை

196! பாவம், கம்பெனிக்காரரை ஒரு மாதமாகத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஓய்வுபெற்ற டெலிபோன்காரர்

தம்பி, செம்புக் கம்பி காலத்து ஆள் நான். மழை பெய்தால் கரகர என்று சத்தம் வரும், வெயிலடித்தால் போய்விடும். நேரம் பார்த்து வரும் கோளாறு என்றால் அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்றுதான் தேடுவோம். பதினொரு மணிக்கு வந்தவர் மேல் தப்பில்லை, அப்போது கோளாறே இருந்திருக்காது. இன்று இரவு சிவப்பு மின்னும்போது பெட்டியின் நிர்வாகப் பக்கத்தில் ஆர்எக்ஸ் பவரை, அதாவது பெட்டிக்கு வந்து சேரும் வெளிச்சத்தின் அளவைக் குறித்து வையுங்கள். பகலிலும் ஒருமுறை.

காவிரிக்கரை

பகலில் -21. இரவு 7.10-க்கு -28.9. இது என்ன கணக்கு?

ஸ்பிளைஸ்காரன்

மைனஸ் எண் என்பதால் பெரிதாகப் பெரிதாக வெளிச்சம் குறைவு. 3 குறைந்தால் பாதியாகிவிடும். உங்களுக்குக் கிட்டத்தட்ட 8 குறைந்திருக்கிறது, அதாவது பகலில் வருவதில் ஆறில் ஒரு பங்குதான் இரவில் வருகிறது. சாதாரணமாக -27 வரைதான் பெட்டி தாங்கும். -21 நல்ல அளவு என்பதால் பகலில் யார் வந்தாலும் சரி என்றுதான் சொல்வார்கள்.

ஃபைபருக்கு ராத்திரி பகல் தெரியாது. எங்கேயோ எதுவோ மடக்குகிறது. உள்ளே எந்த வழியாக வருகிறது?

காவிரிக்கரை

ஹால் ஜன்னல் வழியாக. சுவரைத் துளைக்க அம்மா விடவில்லை.

ஓய்வுபெற்ற டெலிபோன்காரர்

ஜன்னலை எப்போது சாத்துவீர்கள்?

காவிரிக்கரை

...ஆறரை மணிக்கு. கொசு.

எழுந்து போய்ப் பார்த்தேன். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் கேபிள் நசுங்கி, மூலையில் செங்கோணமாக மடிந்திருக்கிறது. கதவைத் திறந்தேன், இரண்டு நிமிடத்தில் -21.4. சாத்தினால் -28. நாலு தடவை திறந்து சாத்திவிட்டேன், வீட்டில் எல்லாரும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

ஸ்பிளைஸ்காரன்

கேபிளை அப்படியே விட்டுவிடாதீர்கள், ஒருநாள் கண்ணாடி இழை முறிந்துவிடும். சட்டத்துக்குப் பக்கத்தில் சுவரில் சின்னத் துளை போட்டு வளைவு பெரிதாக வருமாறு எடுக்கச் சொல்லுங்கள். உள்ளே மிச்சம் இருக்கும் கேபிளையும் உள்ளங்கை அளவு வட்டமாகச் சுற்றி வைத்தால் போதும், இறுக்கிக் கட்ட வேண்டாம். பெட்டியில் சொருகும் முனை பச்சை நிறம் என்றால் பச்சைத் துளைக்குத்தான். நீலத்தில் போட்டால் அங்கேயும் வெளிச்சம் வீணாகும். கழற்றினால் முனைக்குள் உற்றுப் பார்க்காதீர்கள், வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்கு ஆகாது.

மாடிக்கு ரிப்பீட்டர் வாங்காதீர்கள், அதே அலைவரிசையில் வாங்கித் திருப்பி அனுப்பும் வகை என்றால் வேகத்தில் பாதி அதிலேயே போகும். ஒரு கேட்6 கேபிளை மேலே இழுத்து, கிகாபிட் துளை உள்ள ரவுட்டரை அங்கே வையுங்கள். தளத்துக் கான்கிரீட்டோடு வைஃபையால் மல்லுக்கட்ட முடியாது.

புதுமனை

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நாங்கள் அடுத்த மாதம் புது இணைப்பு எடுக்கப்போகிறோம். 100 போதுமா?

ஸ்பிளைஸ்காரன்

நாலு பேர் வீட்டுக்கு 100 தாராளம். அதை 8-ஆல் வகுத்தால் நொடிக்கு 12.5 மெகாபைட், டவுன்லோட் ஆகும்போது திரையில் தெரிவது அந்த எண்தான். ஏமாற்றிவிட்டார்கள் என்று பதற வேண்டாம். நான் எண்ணைவிட எதிர்வீட்டு அனுபவத்தைத்தான் நம்புவேன். லைன் அறுந்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருகிறார் என்று கேளுங்கள். மாத அளவு முடிந்தபின் வேகம் எவ்வளவாகக் குறையும், அப்லோடும் அதே வேகமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். கேமராவை வெளியூரிலிருந்து போர்ட் திறந்து பார்ப்பவர் என்றால் பொது ஐபி, அதாவது உங்கள் வீட்டுக்கு மட்டுமான இணைய முகவரி, கிடைக்குமா என்றும் கேளுங்கள். பல இடங்களில் ஒரே ஐபியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்துதான் தருகிறார்கள்.

கரண்ட் போனாலும் வேண்டும் என்றால் 12 வோல்ட் மினி யுபிஎஸ் வைத்துக்கொள்ளலாம். வழியில் வெளிச்சத்தைப் பிரிக்கும் ஸ்பிளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை. ஆபரேட்டர் முனையில் பேட்டரி இருந்தால் நெட் ஓடும்.

காவிரிக்கரை

இன்றைய நிலவரம். துளை போட அம்மாவிடம் அனுமதி வாங்கியாயிற்று, ஆள் சனிக்கிழமை வருகிறார். ரவுட்டருக்கும் சொல்லிவிட்டேன். அதுவரை ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைத்து, இடைவெளியில் பழைய துணியைத் திணித்திருக்கிறேன். ஏழு மணி மீட்டிங் முழுக்க -21.6. கொசு மட்டும் கொஞ்சம் வருகிறது.